நெருங்கி நீந்தினால் பாசமா, பயமா? மீன்களும் பதற்ற மருந்துகளும்: கேள்வி பதில்

கல்லூரி மாணவி, கோத்தகிரி: பதற்றத்தைத் தூண்டும் மருந்து கொடுத்தால் மீன்கள் கூட்டத்தை விட்டு விலகுமா, ஐயா?

மருந்தையும் அளவையும் பொறுத்தது, அம்மா. ஆய்வகங்களில் இதற்கு அதிகம் பயன்படுவது நம் நாட்டு ஓடைகளிலும் வாழும் வரிக்குதிரை மீன். காபியில் உள்ள, பதற்றம் தூண்டும் காஃபீன் கலந்து புதுத் தொட்டியில் விட்டால் அடித்தளத்திலேயே கிடக்கும், மேலே வரத் தயங்கும். திடீரென்று திசை மாறிப் பாயும், சில வேளை அப்படியே உறைந்து நிற்கும். மனிதர்களைப் போலவே அதற்கும் முதன்மையான அழுத்த ஹார்மோன் கார்டிசோல்தான். பொதுவாக அச்சத்தில் கூட்டம் இறுகும். ஆனால் பாய்ச்சலும் உறைதலும் மிஞ்சினால் பக்கத்து மீனோடு சேர்ந்து நீந்தவே முடியாது, கூட்டம் சிதறும். மீன்களுக்கிடையே உள்ள தூரத்தை மட்டும் அளந்து முடிவு கட்டாதீர்கள். வீட்டுத் தொட்டியில் காபி ஊற்றிப் பார்க்கவும் வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊட்டி: நெருங்கி நீந்துவது பாசம்தானே? அதையும் பயம் என்கிறீர்களே!

விலங்கியல் அறிஞர் கார்ல் வான் ஃபிரிஷ் 1938இல் கண்டது இது: காயம்பட்ட மீனின் தோலிலிருந்து கசியும் பொருள் நீரில் பரவினால் மற்றவை மிரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதில் பாசம் எங்கே வந்தது? ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2013இல் பெர்ச் என்னும் நன்னீர் மீன்களுக்குப் பதற்றம் தணிக்கும் ஆக்சசெபாம் மருந்து கொடுத்தபோது அவை துணிச்சலாகச் சுற்றின, கூட்டத்தைப் பொருட்படுத்தவில்லை, இரையையும் விரைவாகத் தின்றன. கழிவுநீர் வழியே மருந்து ஆற்று மீன்களையும் சேரும்; மாத்திரைகளைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான்.

அதே ஆசிரியர்: அப்படியானால் தனியே விட்டால் நிம்மதியாக இருக்குமே?

இருக்காது, சார். கூட்டமாக வாழும் மீனைத் தனியே விட்டால் அதுவும் மிரளும். துணை வேண்டும், ஆனால் ஒட்டிக்கொண்டே கிடக்க வேண்டியதில்லை. அமைதியான தொட்டியில் பாருங்கள்: பிரிந்து மேயும், மறுபடி சேரும். மிரண்ட கூட்டம் ஒரு மூலையில் திரண்டு நிற்கும், தீனி போட்டாலும் அசையாது.

வாசகர், குன்னூர்: நடுவில் நுழைகிறேன். ஆசிரியர் சொல்வதே சரி. என் மீன்கள் என்னைக் கண்டதும் ஓடிவருகின்றன!

தீனிக்கு, நண்பரே.

மீன் பிரியர், எமரால்டு: நம் நீலகிரி அவலாஞ்சியின் ட்ரவுட் மீனிலும் இதைச் சோதிக்கலாமா?

ஓடையில் இளம் ட்ரவுட் இடம்பிடித்துச் சண்டையிடும் வகை. கூட்டத்தின் இறுக்கம் அங்கே அளவுகோல் ஆகாது. தாக்குதல்களை எண்ண வேண்டும்.

இல்லத்தரசி, ஊட்டி: டிசம்பரில் வரிக்குதிரை மீன்கள் அடியிலேயே கிடக்கின்றன. பதற்றமா?

குளிர், அம்மா. முதலில் வெப்பமானி, பிறகு ஹீட்டர். 24 டிகிரிக்குக் குறையாமல் பாருங்கள்.

மாணவர், கூடலூர்: கொஞ்சமாகக் காபி ஊற்றினால்?

முதல் பதிலைப் படியுங்கள்.

கடைக்காரர், குன்னூர்: டீத்தூள்?

அதிலும் காஃபீன்தான். வேண்டாம், வேண்டாம்.

வாசகி, அரவங்காடு: தங்கமீனுக்கு வயிறு வீங்கியிருக்கிறது.

கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள்.