குழந்தைக்கு வலிக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேள்வி: என் மகனுக்கு 4 மாதம். நேற்றிலிருந்து திடீர் திடீரென வீரிட்டு அழுகிறான். “உரம் விழுந்திருக்கு, புடவையில் போட்டு உருட்டணும்” என்கிறார் மாமியார். இது பசியா, வலியா டாக்டர்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் இன்றே குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். உரம் எடுப்பது மட்டும் வேண்டாம் அம்மா. கழுத்து முழுதாக உறுதிப்படாத வயதில் தலை குலுங்குவது ஆபத்து.

சத்தத்தை மட்டும் கேட்டுப் பசியா வலியா என்று பிரிப்பது எங்களுக்கே சிரமம். அதனால் முகம், கால், உடம்பின் அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போடுகிறோம். ‘ஃபிளாக்’ என்ற இந்த அளவுகோல் 2 மாதக் குழந்தையிலிருந்து பயன்படும். மொத்தம் 10; 7 அல்லது அதற்கு மேல் வந்தால் கடும் வலி. 1980-கள் வரை, பச்சிளம் குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று நம்பிப் போதிய வலி மருந்தில்லாமல் அறுவை சிகிச்சை செய்த கூட்டம்தான் நாங்களும்!

வீட்டில் நான் முகத்தைத்தான் பார்க்கச் சொல்வேன். வலியில் புருவங்கள் நெருங்கும், கண்கள் இறுக மூடும், மூக்கிலிருந்து உதட்டோரம் இறங்கும் மடிப்பு ஆழமாகும். பசி என்றால் கையைச் சப்பும், மார்பைத் தேடும், பால் குடித்ததும் அடங்கும். வலியுள்ள பிள்ளை இரண்டு வாய் குடித்துவிட்டு உதறும். தோளில் போட்டாலும் தேறாது. துணியைக் கழற்றி விரல்களையும் பாருங்கள். தலைமுடி சுற்றி இறுகியிருக்கலாம்.

காலை வயிற்றோடு மடக்கி வீரிட்டு, சற்று நேரம் சும்மா இருந்து, மறுபடி அதேபோல் அழுதால், முகம் வெளுத்தால், பச்சையாக வாந்தி எடுத்தால், மலத்தில் ரத்தம் கலந்தால், குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் செருகியிருக்கலாம். உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். அழுது ஓய்ந்து துவண்டு கிடக்கும் பிள்ளையைப் பார்த்து ‘சரி, தூங்கிட்டான்’ என்று விட்டுவிடாதீர்கள். எனக்குப் பயம் அந்த அமைதியைப் பார்த்துத்தான்.

பாராசிட்டமாலை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். அளவு எடையைப் பொறுத்தது. சொட்டு மருந்தில் பெரும்பாலும் 1 மில்லியிலேயே 100 மி.கி. இருக்கும், சிரப்பில் 5 மில்லிக்குத்தான் 125 மி.கி. பாட்டில் மாறினால் அளவு பல மடங்காகிவிடும்.