பாடகர் தேர்வும் படப்பாடல் தயாரிப்பும்: கேள்வி பதில்

திரைப்படங்களுக்குப் புதுக்குரல்களைத் தேடிக் கொடுப்பதும், பாடல்களைப் பதிவு செய்து முடித்துத் தருவதும் என் தொழில். கோவையில் இருந்தபடி சென்னைப் படங்களுக்கும் கொச்சிப் படங்களுக்கும் வேலை செய்கிறேன். வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்த துறைக்குள் அடங்குபவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பெருந்துறை: இசையமைப்பாளர் இருக்கும்போது உங்களுக்கு என்ன வேலை?

மெட்டு அவருடையது. அதற்குப் பொருந்தும் மூன்று நான்கு குரல்களைக் கொண்டுவந்து ட்ராக் (மாதிரிப் பதிவு) பாட வைப்பது, வாத்தியக்காரர்களிடம் தேதி வாங்குவது, வரிகள் வந்து சேராதபோது பாடலாசிரியர் வீட்டு வாசலில் நிற்பது, பட்ஜெட் தாண்டாமல் மிக்சிங் முடித்து உரிமைப் பத்திரங்களோடு ஆடியோ நிறுவனத்திடம் ஒப்படைப்பது ஆகியவை என் தலையில் விழுபவை. படம் முடிந்தபின் என் பெயர் திரையில் ஓடும். அப்போது பாதிக் கூட்டம் வண்டி எடுக்கப் போயிருக்கும்.

அந்தியூர்: எங்கள் ஊரில் உடுக்கடித்து அண்ணன்மார் கதை பாடும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரைப் படத்தில் பாட வைக்க முடியுமா?

முடியும், ஆனால் அவரைப் பதிவு செய்யும் முறை வேறு. உடுக்கடிப் பாட்டுக்காரர் தாளத்தைத் தம் கையிலேயே வைத்திருப்பவர். உடுக்கையின் நடுக்கயிற்றை அழுத்தியும் விட்டும் நாதத்தை ஏற்றி இறக்கிக்கொண்டு, கதையின் போக்குக்கேற்ப ஓட்டத்தைக் கூட்டுவார், குறைப்பார், சட்டென்று நிறுத்துவார். அவர் காதில் ஹெட்போனை மாட்டி, தாளத்தை எண்ணிக்காட்டும் க்ளிக் ஒலியை ஓடவிட்டு, ‘இதுதான் ஸ்ருதி’ என்று சொல்லிவிட்டால், விடிய விடியக் கோயில் வாசலில் கணீரென்று ஒலித்த குரல் பள்ளிப்பிள்ளை ஒப்பிப்பது போலாகிவிடும். ஆகவே முதலில் அவர் போக்கிலேயே முழுவதும் பாடவிட்டுப் பதிவு செய்யுங்கள். பிறகு அடி எங்கெங்கே விழுகிறது என்று குறித்துக்கொண்டு, மற்ற வாத்தியங்களை அதன்மேல் அமையுங்கள். உடுக்கைக்குத் தனி மைக் அவசியம். இல்லையென்றால் குரலை ஏற்றும்போதெல்லாம் உடுக்கையும் ஏறும். கதை ஊருக்குப் பொதுவானது என்றாலும், அவர் பாடிய பதிவில் நிகழ்த்துக் கலைஞர் என்ற முறையில் அவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. அதை எழுத்தில் வைத்து, சம்பளத்தை அன்றைக்கே கையில் கொடுங்கள்.

திருப்பூர்: படத்தில் பாட வைப்பதாகச் சொல்லி ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். பாடுபவருக்குப் பணம் தருவதுதான் எங்கள் தொழில். பாடுபவரிடம் வாங்குவது வேறொரு தொழில்.

மேட்டுப்பாளையம்: முறையாகச் சங்கீதம் கற்றவர்கள் எத்தனையோ பேர் இருக்க, நஞ்சியம்மாவுக்குத் தேசிய விருது கொடுத்தது சரியா?

சரி என்பதே என் கருத்து. ஆனைகட்டியைத் தாண்டினால் வருகிற அட்டப்பாடியில் வாழும் இருளர் சமூகத்துப் பெண்மணி அவர். 2020-இல் வந்த ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் தம் மொழியில் பாடிய பாட்டுக்காக, 2022-இல் அறிவிக்கப்பட்ட 68-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகியாகத் தேர்வானார். அந்த ஆண்டில் ஒரு பாட்டு எப்படிப் பாடப்பட்டது என்பதற்கே அந்த விருது.

பொள்ளாச்சி (மேற்படி பதிலுக்கு மறுப்பு): நழுவுகிறீர்கள், ஐயா. கொடுத்த ஸ்ருதியில் வேறொரு பாட்டைப் பாட முடியாதவரைப் பின்னணிப் பாடகர் என்பீர்களா?

எந்த மெட்டையும் மதியத்துக்குள் கற்றுப் பாடித்தரும் பாடகர்தான் எனக்கு அன்றாடம் வேண்டும் என்பதையும், அதற்குச் சங்கீதப் பயிற்சி பெருந்துணை என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மலையின் உச்சரிப்பும் மூச்சும் அந்தக் காட்சிக்கு வேண்டுமென்று இயக்குநர் முடிவெடுத்தபின், பயின்றவரை அழைத்து ‘அவரைப் போலப் பாடுங்கள்’ என்பது எனக்குக் கூசுகிறது. ஸ்ருதியைப் பற்றிப் பேசுபவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: பெயர்பெற்றவர்களின் குரலையும் இன்று ஸ்ருதி திருத்தும் மென்பொருளுக்குள் விட்டுத்தான் எடுக்கிறோம்.

ஈரோடு: அப்படியானால் என் மகள் இத்தனை காலம் கர்நாடக சங்கீத வர்ணம் பாடியது வீண்தானா?

அப்படி நான் எங்கே எழுதினேன்? அம்மணி வர்ணத்தை விடாமல் பாடட்டும். கூடவே நம் பக்கத்துக் கும்மிப் பாட்டையும், கற்ற கமகங்களை (சுர அசைவுகளை) கலக்காமல் பாடிப் பழகட்டும். இரண்டும் வருகிறவர்களைத்தான் நான் தேடிக்கொண்டிருக்கிறேன். இந்த வழக்கை இத்துடன் முடிக்கிறேன். இதைப் பற்றி வந்த மற்றக் கேள்விகளை எடுக்கவில்லை.

நாமக்கல்: ஒப்பந்தத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

காலத்தையும் இடத்தையும் பாருங்கள். பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமை மாற்றப் பத்திரத்தில் காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். அதனால்தான் நிறுவனங்கள் ‘எக்காலத்துக்கும், உலகெங்கும்’ என்று மறக்காமல் அச்சிட்டு வைத்திருக்கின்றன. திரையரங்கில் படத்தோடு ஒலிப்பது தவிர்த்த பிற பயன்பாடுகளில், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய சமபங்கு ராயல்டியை விட்டுக்கொடுக்கவே முடியாது என்று 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. அவர்கள், ராயல்டியை வசூலித்துத் தரும், 1969-இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் சேரலாம், பாடகர்களுக்கு அதே போன்ற, முன்பு இஸ்ரா என்று இருந்த இஸாம்ரா இருக்கிறது. வெற்றுத்தாளில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கரூர்: பழைய பாட்டு ஒன்றைக் குறும்படத்தில் சேர்க்கலாமா?

அந்தப் பதிவையே எடுத்தால் பதிவின் உரிமையாளரிடம் ஓர் அனுமதியும், மெட்டுக்கும் வரிக்கும் உரிமை வைத்திருப்பவரிடம் இன்னோர் அனுமதியும் வேண்டும். ‘சில நொடிதான்’ என்ற விலக்கு எதுவும் சட்டத்தில் இல்லை.

சேலம்: ஆல்பத்தில் பாட வைக்க முன்பணம் கேட்கிறார்கள், சரியா?

திருப்பூர்க்காரருக்கு எழுதியதைப் படியுங்கள்.

உடுமலை: மாதிரிப் பதிவு எப்படி அனுப்புவது?

எதிரொலி சேர்த்த கரோக்கி வேண்டாம். துணை வாத்தியம் இல்லாமல் ஒரு பாட்டு, உங்கள் ஊர்ப் பாட்டு ஒன்று. செல்போனில் பதிவு செய்தாலே போதும். கோப்பின் பெயரிலேயே உங்கள் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். ‘ஆடியோ 1’ என்று வருபவற்றை யாருடையது என்று தேட எனக்கு நேரமில்லை.

தாராபுரம்: ‘பதிவுக் கட்டணம்’ என்கிறார்கள், அது முன்பணம் இல்லையே?

கொடுக்காதீர்கள். அட்டை, கட்டணம், டெபாசிட் என எந்தப் பெயரில் கேட்டாலும் இதே பதில்தான்.

கோபி: ஜமாப் மேளக் குழுவை எங்கே பதிவு செய்வது? படத்துக்கு சாம்பிள் ரேட் 44.1 கிலோஹெர்ட்ஸ் போதுமா?

சின்ன ஒலிக்கூடத்தில் அந்த அடி சுவரில் முட்டித் திரும்பும். உயரமான மண்டபம் பாருங்கள். படத்துக்கு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் தொடக்கத்திலிருந்தே பதிவு செய்யுங்கள்.