தாமஸ் பாண்ட் - கடிதம்

வணக்கம் சார், ஜாக் த ரிப்பர் எப்படிப்பட்ட ஆளுன்னு 1888லயே எழுதிக் கொடுத்த லண்டன் போலீஸ் டாக்டர் தாமஸ் பாண்ட் பத்தி ஒரு வீடியோ பாத்தேன். பிணங்களைப் பாத்தே ஆளைச் சொல்லிட்டாராமே! கொலைகாரன் நிஜமாவே டாக்டரா இருப்பானா?
செந்தில்

அன்புள்ள செந்தில்,

நானும் கொஞ்ச நாளா பாண்டைத்தான் படிச்சுட்டு இருக்கேன், அதான் உடனே எழுதுறேன். பாண்ட் பிணங்களைப் பாத்தாருன்னு யாரு சொன்னா உங்களுக்கு? ரிப்பர் கொன்னதா சொல்ற அஞ்சு பொண்ணுங்கள்ல அவர் நேர்ல பாத்தது மேரி கெல்லியை மட்டும்தான், மத்த நாலு பேருக்கும் போலீஸ் குடுத்த குறிப்புதான், அதையும் அவர் மறைக்கல, நவம்பர் 10 தேதி போட்ட அறிக்கையிலயே குறிப்பு மட்டும்தான் பாத்தேன், செத்து எவ்ளோ நேரமாச்சுன்னு உறுதியா சொல்ல முடியலன்னு எழுதி வச்சிருக்கார். அந்த வரியைத் தூக்கிட்டு, மிச்சத்தை மட்டும் வீடியோ போடுறது அயோக்கியத்தனம். நீங்களாவது தேடிப் படிச்சிருக்க வேணாமா?

பிணத்தைப் பாத்தவர் வேற ஆளு. கொலை நடந்த வைட்சேப்பல் பக்கத்து போலீஸ் பிரிவான எச் டிவிஷனோட டாக்டர் ஜார்ஜ் பாக்ஸ்டர் பிலிப்ஸ். அந்த அஞ்சு பேர்ல ஒருத்தியான ஆனி சாப்மன் கிடந்த ஹான்பரி தெரு கொல்லைக்குக் காலைல 6.30க்குப் போய் நின்னவர், பிரேதப் பரிசோதனை பண்ணவர். செத்து ரெண்டு மணி நேரமாவது இருக்கும்னு விசாரணைல சொல்லிட்டு, ஆனா குளிர்ந்த காலை, ரத்தம் நிறைய போயிருக்கு, உடம்பு சீக்கிரம் சில்லிட்டிருக்கலாம்னும் சேத்துச் சொன்னார். அந்த பின்பாதிதான், செந்தில், வைத்தியம். அதையும் பாதிப் பேர் விட்டுடுறாங்க. 1889ல ஆலிஸ் மெக்கென்சி கொலையிலயும் இதே கதைதான், பரிசோதனை பண்ண பிலிப்ஸ் இது அந்தக் கொலைகாரன் இல்லன்னார், அப்புறமா வந்து பாத்த பாண்ட் அவனேதான்னார். பாண்ட் பேரு மட்டும் நிலைச்சுது.

அதுக்காக பாண்டைக் குறைச்சுப் பேசல. எனக்கு அந்த மனுஷன் மேல ரொம்பப் பிரியம். 1866ல ஆஸ்திரியாவோட நடந்த போர்ல பிரஷ்யப் படையோட இருந்துட்டு அடுத்த வருஷமே லண்டன் போலீஸ்ல ஏ டிவிஷன் டாக்டரானவர், வெஸ்ட்மின்ஸ்டர் ஆஸ்பத்திரில சர்ஜன், லண்டன் போலீஸ் தலைமையகமான புது ஸ்காட்லாந்து யார்டு கட்டுற இடத்துலயே கிடைச்ச தலையில்லாத முண்டத்தைப் பரிசோதிச்சவர், லாம்சன்ங்கற டாக்டர் சொந்த மச்சானுக்கே விஷம் வச்ச கேஸ்ல பரிசோதனை பண்ணவர். கடைசில வலியும் தூக்கமின்மையும் தாங்காம 1901ல வீட்டு ஜன்னல்லேருந்து குதிச்சுட்டார். இவ்ளோ பெரிய வாழ்க்கையை ஒரு ரிப்பர் காகிதத்துல அடைச்சுட்டோமேன்னுதான் வயிறு எரியுது.

உங்க கேள்வி? கசாப்புக்காரன் அளவு அறிவு கூட இல்லன்னு பாண்ட் எழுதுனார், சாப்மன் உடம்பைப் பாத்துட்டு உடற்கூறு தெரிஞ்ச கை மாதிரி இருக்குன்னு பிலிப்ஸ் சொன்னார். டாக்டரான்னு எனக்குக் கவலையில்ல, ஆனா சாப்மன் விஷயத்துல நான் பிலிப்ஸ் பக்கம். ரெண்டு பேர் சொன்னதையும் முழுசா படிச்சுட்டு மறுபடி எழுதுங்க.