வண்டி நகரவில்லையா? முதலில் ஸ்பீடாமீட்டர் முள்ளைப் பாருங்கள்

கேள்வி: என்னுடையது 2011 மாடல் டீசல் பிக்கப். நானேதான் ஓட்டுகிறேன். போன வாரம் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி ஏற்றிக்கொண்டு கிளம்பி, ஒரு மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது 'டக்' என்று பெரிய சத்தம். அதிலிருந்து எஞ்சின் நன்றாக ஓடுகிறது, எல்லா கியரும் விழுகிறது, வண்டி மட்டும் ஓர் அடி நகரவில்லை. கட்டி இழுத்துக்கொண்டு போய் ஒரு பட்டறையில் விட்டேன். வெளியிலிருந்து பார்த்துவிட்டே "கியர் பாக்ஸ் போச்சு, பழைய கியர் பாக்ஸ் ஒன்று இருக்கிறது, கூலியோடு 45,000 ரூபாய்" என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் கியர் பாக்ஸ் மேல் எனக்குச் சந்தேகம் குறைவு. கியர் பாக்ஸ் கெட்டால் பெரும்பாலும் ஏதோ ஒரு கியர் நழுவும், ஒன்று விழாது, ஒன்று கத்தும். எல்லா கியரும் ஒழுங்காக விழுந்து, எதிலும் வண்டி நகராமல் ஒரே நொடியில் நின்றுபோவது அபூர்வம். மேட்டில் லோடோடு எடுக்கும்போது ஒரே ஒரு 'டக்' என்றால் லாரிக்காரர்கள் வாயில் முதலில் வருவது "ஆக்ஸில் கட்" என்ற வார்த்தைதான். பின் சக்கரத்தைச் சுற்றும் தண்டு உடைந்துவிட்டது என்று அர்த்தம்.

வண்டிக்கு அடியில் குனியாமலே ஒரு சோதனை செய்யலாம். இந்த வயது வண்டிகளில் பெரும்பாலும் ஸ்பீடாமீட்டருக்கு ஓட்டம் கியர் பாக்ஸின் பின்பக்கத்திலிருந்து வருகிறது. சமதரையில் முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஹேண்ட் பிரேக் போடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, மூன்றாவது கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். வண்டி நின்ற இடத்தில் நிற்க, முள் மட்டும் ஏறினால் கியர் பாக்ஸ் வரைக்கும் எல்லாம் வேலை செய்கிறது. கோளாறு அதற்குப் பின்னால். 45,000 ரூபாய் பேச்சு அங்கேயே முடிந்தது.

முள் ஏறவில்லை என்றால் மீட்டர் கேபிளே அறுந்திருக்கலாம் (பழைய வண்டி அல்லவா), அதனால் கண்ணாலும் பார்த்துவிடுங்கள். ஒருவர் உள்ளே கிளட்சை விட, இன்னொருவர் பக்கவாட்டில் தள்ளி நின்று குனிந்து ஜாயின்ட் ஷாஃப்ட்டை (கியர் பாக்ஸிலிருந்து பின்னால் ஓட்டம் கொண்டுபோகும் நீளத் தண்டு) பார்க்க வேண்டும். வண்டிக்கு அடியில் மட்டும் படுக்கக் கூடாது. ஷாஃப்ட் முழுவதும் சுற்றினால் உடைந்தது ஆக்ஸில் அல்லது கிரவுன் (பின் சக்கரங்களுக்கு நடுவில் ஹவுசிங் என்ற கூட்டுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம்). கிரவுன் பல் போயிருந்தால் ஹவுசிங்குக்குள் 'கரகர'வென்று அரைக்கும்; ஆக்ஸில் கட் ஆகியிருந்தால் அநேகமாகச் சத்தமே இருக்காது, ஷாஃப்ட் சும்மா சுற்றும். முன்பாதி சுற்றிப் பின்பாதி நின்றால் நடுவில் இரண்டையும் இணைக்கும் மூட்டான கிராஸ் உடைந்திருக்கிறது. அதுதான் இருப்பதிலேயே மலிவான செய்தி.

ஷாஃப்ட் அசையவே இல்லையா? அப்போதும் உடனே கியர் பாக்ஸைக் கழற்ற வேண்டாம். நான்காவது கியரில் ஒருமுறை பாருங்கள். பின் சக்கரம் இழுக்கும் பெரும்பாலான ஐந்து கியர் வண்டிகளில் நான்காவது நேரடி கியர்; ஓட்டம் கியர் பாக்ஸின் அடித்தண்டில் இருக்கும் பல்சக்கரங்கள் வழியாகச் சுற்றிப் போகாது. மற்ற கியர்களில் நின்ற ஷாஃப்ட் நான்கில் மட்டும் சுற்றினால் பழுது கியர் பாக்ஸுக்குள்தான். நான்கிலும் அசையவில்லை என்றால், எஞ்சின் ஓடும்போது கிளட்சை மிதிக்காமல் ரிவர்ஸை லேசாகத் தொட்டுப் பாருங்கள். 'கர்ர்' என்று பல்லைக் கடித்தால் கிளட்ச் கியர் பாக்ஸுக்குள் ஓட்டத்தைக் கொடுக்கிறது, பழுது கியர் பாக்ஸில். சத்தமில்லாமல் வெண்ணெய் மாதிரி உள்ளே போனால் கிளட்ச் பிளேட்டின் நடுப்பகுதி பிய்ந்திருக்க நிறைய வாய்ப்புண்டு.

இவ்வளவுக்கும் கால் மணி நேரம் போதும். ஒரு ஸ்பேனர் கூட வேண்டாம். இதைச் செய்யாமல் விலை சொல்லும் பட்டறையை நான் நம்புவதில்லை. எனக்கே இது நடந்திருக்கிறது. பல வருடம் முன்பு என் வண்டியின் கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்துப் போட்டுவிட்டு, "உள்ளே எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்று மூன்றாம் நாள் சொன்னார்கள். இடது ஆக்ஸில் இரண்டு துண்டு. ஏற்றி இறக்கிய கூலியும் நான்தான் கொடுத்தேன்.

ஒரு பக்க ஆக்ஸில் உடைந்தால் மறுபக்கச் சக்கரமாவது இழுக்க வேண்டாமா என்று பலர் கேட்பார்கள். இழுக்காது. இரண்டு பின் சக்கரங்களுக்கும் ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃப்ரன்ஷியல், தடை இல்லாத பக்கத்துக்கே சுற்றலை விட்டுவிடும். உடைந்த துண்டு உள்ளே சுதந்திரமாகச் சுற்ற, மறுபக்கம் பேசாமல் நிற்கும். அதே காரணத்தால், கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி சரிவில் உருளும். சரிசெய்யும்வரை சக்கரத்துக்குக் கல் இல்லாமல் நிறுத்தாதீர்கள்.

சக்கரத்தின் நடுவில் போல்ட் வரிசையோடு ஒரு தட்டு வெளியே துருத்திக்கொண்டிருந்தால், சக்கரத்தைக் கழற்றாமலே ஆக்ஸிலை வெளியே உருவலாம். உடைந்த முகத்தை நீங்களே வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு பகுதி கறுத்து வழவழப்பாகவும் மீதி சர்க்கரைக் கட்டியை உடைத்த மாதிரி பளபளப்பாகவும் இருந்தால், விரிசல் பல மாதம் முன்பே விழுந்திருக்கிறது. அன்றைக்குத்தான் மிச்சம் விட்டது. நுனியில் இருக்கும் வரிப்பற்கள் கயிறு மாதிரி முறுக்கியிருந்தால் அது லோடின் வேலை. எத்தனை பெட்டி ஏற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

உள்ளே மாட்டிக்கொண்ட துண்டை எடுக்காமல் புது ஆக்ஸிலை மாட்ட முடியாது. அப்புறம் கிரவுன் ஹவுசிங் ஆயிலை முழுக்க வடித்துவிடச் சொல்லுங்கள். வடிகட்டும் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் பசை மாதிரி ஒட்டியிருந்தால் பயமில்லை, அது தேய்மானம். நகத்தில் தட்டுப்படும் சில்லு வந்தால் கிரவுனையும் திறந்து பார்த்தாக வேண்டும். ஆயில் சீலைப் புதிதாகப் போடுங்கள். கிரவுனுக்கு ஜி.எல்.5 தரத்தில் ஆயில் கேளுங்கள். அதையே கியர் பாக்ஸிலும் ஊற்றிவிடாதீர்கள். வண்டிப் புத்தகம் வேறு சொன்னால் தவிர அங்கே ஜி.எல்.4 போதும். சில ஜி.எல்.5 ஆயிலில் சேர்க்கும் கந்தக மருந்து உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களைத் தின்னும்.

பட்டறையிடம் பேசும்போது பிரித்துப் பார்க்க எவ்வளவு, பொருத்த எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பாகம் உங்களுடையது, கையோடு கேட்டு வாங்கிவிடுங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். லோடு வண்டி என்பதால் நுகர்வோர் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். சொந்தப் பிழைப்புக்காகத் தானே உழைத்துப் பயன்படுத்தும் பொருளை 2019 சட்டம் வணிகப் பயன்பாடாகக் கணக்கிடுவதில்லை. தகராறு முற்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.

கேள்வி: பழைய பிக்கப் ஒன்றை விலை பேசியிருக்கிறேன். 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் பின்னாலிருந்து 'ஊ' என்று ஒரு சத்தம். "ஆயில் மாற்றினால் போய்விடும்" என்கிறார் விற்பவர்.

பதில்: ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் சத்தத்தின் சுருதி மாறுகிறதா என்று கேளுங்கள். மாறினால் கிரவுனும் அதைச் சுற்றும் சிறிய பல்சக்கரமான பினியனும் சேரும் இடம் தேய்ந்திருக்கிறது, ஆயிலில் போகாது. மிதித்தாலும் விட்டாலும் மாறாமல், வளைவில் மட்டும் கூடிக் குறைந்தால் சக்கர பேரிங். சத்தத்தைவிட அதிர்வுதான் அதிகம் என்றால் ஜாயின்ட் ஷாஃப்ட்டும் நடு பேரிங்கும். கிரவுன் என்று தெரிந்தால் அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள். கிரவுனையும் பினியனையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி: சென்னை புதுப்பேட்டையில் பழைய கிரவுன் செட் எடுக்கப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பல்லை எண்ணுங்கள். ஒரே கம்பெனி, ஒரே ஹவுசிங் என்றாலும் கணக்கு மாறும். கிரவுனில் 37 பல், பினியனில் 9 என்றால் விகிதம் 4.11, 41க்கு 9 என்றால் 4.56. தவறாக மாட்டினால் ஒன்று மேட்டில் திணறும், இல்லையென்றால் டீசல் குடிக்கும். ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லும். உங்கள் வண்டியில் எவ்வளவு என்று தெரியாவிட்டால் நியூட்ரலில் வைத்து, கல் போட்டுவிட்டு ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். அந்தச் சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று சுற்றி, அதற்குள் ஷாஃப்ட் எத்தனை சுற்று போகிறது என்று சாக்பீஸ் கோடு போட்டு எண்ணுங்கள். நாலேகால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் 4.11, நாலரையைக் கொஞ்சம் தாண்டினால் 4.56.