கேள்வி – பதில்: வீட்டு நெற்வேர்க்கும் கோப்புச் சேர்வரும்

கேள்வி: பைபர் ரவுட்டர் முன் விறாந்தையில் இருக்கிறது. பழைய கல்வீடு, சுவர்கள் மொத்தம். பின்னறையில் வைஃபை எடுக்காததால் இன்னொரு ரவுட்டர் வாங்கி, கேபிள் இழுத்துப் பூட்டினோம். இன்ரநெற் வருகிறது. ஆனால் பின்னறை லப்டொப்பிலிருந்து முன்னறைப் பிரின்ரரைக் காண முடியவில்லை. – ஆசிரியை, கோப்பாய்

பதில்: கேபிளை இரண்டாவது ரவுட்டரின் 'வான்' துளையில், அதாவது வெளியிலிருந்து இன்ரநெற் வருவதற்கான துளையில், செருகியிருப்பீர்கள். அப்படிச் செருகினால் அது தனக்கென்று இன்னொரு நெற்வேர்க்கை உருவாக்கிவிடும். முன்பக்கக் கருவிகள் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளிலும் பின்பக்கக் கருவிகள் 192.168.0 என்று தொடங்கும் முகவரிகளிலும் இருக்கும். பிரின்ரரைத் தேடி லப்டொப் அனுப்பும் அழைப்பு அந்த எல்லையைத் தாண்டாது.

திருத்துவது சுலபம், ஆனால் ஒழுங்கு முக்கியம். முதலில் இரண்டாவது ரவுட்டரை முன் ரவுட்டரிலிருந்து கழற்றி, லப்டொப்புடன் மட்டும் கேபிளால் இணையுங்கள். அதன் 'லான்' (வீட்டுக்குள்ளான நெற்வேர்க்) முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள். பிறகு அதிலுள்ள டி.எச்.சி.பி.யை, அதாவது கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் வேலையை, நிறுத்துங்கள். கடைசியாக, முன்னாலிருந்து வரும் கேபிளை 'வான்' துளையில் அல்லாமல் 'லான்' துளை ஒன்றில் செருகுங்கள். டி.எச்.சி.பி.யை நிறுத்த மறந்தால் வீட்டில் இரண்டு ரவுட்டர்களும் முகவரி கொடுக்கத் தொடங்கும். ஒரு போனில் இன்ரநெற் வரும், மற்றதில் வராது. மறுநாள் மாறி நடக்கும். ரவுட்டரில் 'அக்சஸ் பொயின்ற்' என்ற தெரிவு இருந்தால் இதெல்லாவற்றையும் அதுவே செய்துவிடும்.

இரண்டு ரவுட்டருக்கும் ஒரே வைஃபைப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுங்கள். 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றுக்குச் சனல் 1, மற்றதற்கு 6 அல்லது 11.

கேள்வி: வீட்டிலிருந்து வளவுக்குள் இருக்கும் அலுவலக அறைக்கு 40 மீற்றர் கெற் 6 கேபிள் போட்டோம். இரண்டு பக்கமும் ஜிகாபிற் கருவிகள். ஆனாலும் 100 மெகாபிற் என்றே காட்டுகிறது. – வாசகர், சுன்னாகம்

பதில்: தூரம் காரணமில்லை, 100 மீற்றர் வரை போகலாம். 100 மெகாபிற்றுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். ஜிகாபிற்றுக்கு எட்டும் வேண்டும். 4, 5, 7, 8 இல் ஒன்று பிளக்குக்குள் சரியாக ஏறாவிட்டாலும் கருவிகள் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். இரண்டு முனையையும் வெட்டிப் புதிதாக அடியுங்கள். ஒழுங்கு: வெள்ளைச் செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை மண்ணிறம், மண்ணிறம். முறுக்கை 13 மில்லிமீற்றருக்கு மேல் அவிழ்க்கக் கூடாது. வெளித்தோலும் பிளக்குக்குள் போய் நசிபட வேண்டும். இல்லாவிட்டால் இழுபடும்போது கம்பி கழன்றுவிடும்.

வெட்டிய துண்டில் ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். செம்புக்கு அடியில் வெள்ளி நிறம் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். விலை குறைவு என்று இதைத்தான் பலருக்குத் தலையில் கட்டுகிறார்கள். நாலு தரம் வளைத்தால் உள்ளே முறியும், மின்தடையும் கூடுதல். அதைத் திருத்த மினக்கெடாமல் முழுச் செம்புக் கேபிளாக மாற்றுங்கள்.

உங்களுடையது இரண்டு தனிக் கட்டடங்கள் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் இடி மின்னல் கடுமை. அருகில் எங்காவது மின்னல் விழுந்தாலே இரண்டு கட்டடங்களின் நிலத்தொடுப்புக்கும் இடையில் பெரிய மின்னழுத்த வேறுபாடு வரும். அது செம்புக் கேபிள் வழியே ஓடி இரண்டு பக்கக் கருவிகளையும் எரித்துவிடும். எப்படியும் கேபிள் மாற்றுவதானால் இந்த 40 மீற்றருக்கு ஒளியிழையே போடுங்கள். இரண்டு முனையிலும் ஒவ்வொரு மீடியா கொன்வேட்டர் (ஒளியிழையையும் செம்புக் கேபிளையும் இணைக்கும் சின்னப் பெட்டி) போதும். உள்ளே உலோகக் கம்பி இல்லாத கேபிளாகக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: குடும்பப் படங்களும் வீடியோக்களும் பல போன்களிலும் பழைய லப்டொப்களிலும் சிதறிக் கிடக்கின்றன, ஏறக்குறைய 2 ரெராபைற். சும்மா இருக்கும் டெஸ்க்ரொப் ஒன்றை, இவற்றை ஒரே இடத்தில் வைத்து வீட்டாருக்குப் பகிரும் சேர்வராக மாற்றலாமா? – வாசகர், மானிப்பாய்

பதில்: மாற்றலாம். முதலில் அது எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று பாருங்கள். 60 வாற் இழுக்கும் பழைய டெஸ்க்ரொப் இரவு பகலாக ஓடினால் மாதம் ஏறக்குறைய 43 யூனிற். 15 வாற் இழுக்கும் சின்னக் கணினிக்கு 11 யூனிற்றுக்குள் முடியும். தனிக் கிராபிக்ஸ் கார்ட் இருந்தால் கழற்றிவிடுங்கள். மதர்போர்ட்டில் கிராபிக்ஸ் இல்லாத கணினியாக இருந்தால் அது இல்லாமல் எழும்புகிறதா என்று முதலே சோதியுங்கள்.

மென்பொருளுக்கு, கணினியைக் கோப்புச் சேர்வராக்கும் ஓப்பன்மீடியாவோல்ற் போதும். டெபியன் என்ற லினக்ஸ் மீது ஓடுவது, 4 கிகாபைற் ராமில் தாராளமாக ஓடும். அதேபோன்ற ட்ரூநாஸ் போடுவதானால் 8 கிகாபைற்றாவது வேண்டும். இயங்குதளத்தைச் சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றில் போடுங்கள். கோப்புகளுக்கு 4 ரெராபைற் வன்தட்டு இரண்டு. வாங்கும்போது, பதிவுத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியாத சி.எம்.ஆர். வகையா என்று மாதிரி இலக்கத்தை வைத்துப் பார்த்து வாங்குங்கள். தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் எஸ்.எம்.ஆர். வகை, நெடுநேரம் தொடர்ந்து எழுதும்போது ஊர்ந்து போகும்.

இரண்டு தட்டையும் ரெயிட் 1 ஆக, அதாவது எழுதுவதெல்லாம் ஒரே நேரத்தில் இரண்டிலும் பதியும்படி, கட்டச் சொல்வார்கள். வீட்டுக்கு அது வேண்டாம் என்பது எங்கள் முடிவு. ரெயிட் 1 ஒரு தட்டுப் பழுதானால் மட்டுமே காப்பாற்றும். பிள்ளை ஒரு போல்டரைத் தவறுதலாக அழித்தால் அந்தக் கணமே இரண்டு தட்டிலும் அழியும். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வெயார் வந்தாலும் இரண்டிலும் பூட்டுப்படும். முதல் தட்டை மட்டும் பகிருங்கள். இரண்டாவதற்கு இரவு 2 மணிக்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் மென்பொருள் மூலம் நகல் எடுங்கள், பழைய பதிப்புகளை 30 நாள் வைத்திருக்கும்படி. மூன்றாவது நகல் ஒரு வெளித்தட்டில், வேறொரு வீட்டில் இருக்க வேண்டும். அம்மா அப்பாவின் கலியாணப் படத்துக்கு இரண்டாவது பிரதி கேட்க இடமில்லாமல் போன குடும்பங்கள் எங்கள் மண்ணில் எத்தனையோ. இந்த மூன்றாவது நகலைத் தள்ளிப்போடாதீர்கள். மாதம் ஒருமுறை நகலிலிருந்து நாலைந்து கோப்பை எடுத்துத் திறந்தும் பாருங்கள்.

படங்களை ஏற்றும்போது கேபிளால் இணையுங்கள். ஜிகாபிற்றில் 1 ரெராபைற் இரண்டரை மணித்தியாலத்தில் போகும். 100 மெகாபிற்றில் ஒரு முழு நாள் எடுக்கும். சேர்வரின் முகவரி மாறாதிருக்க ரவுட்டரின் டி.எச்.சி.பி. பகுதியில் அதை ஒதுக்கி வையுங்கள். ஆளுக்கொரு பயனர் கணக்கும் கடவுச்சொல்லும் கொடுங்கள். விண்டோஸ் 11 புரோவின் 24எச்2 பதிப்பு கடவுச்சொல் இல்லாத பகிர்வை ஏற்காது.

வன்தட்டு தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 5, 197 ஆகிய இலக்கமிட்ட வரிகளைக் கவனியுங்கள். அவற்றின் மூலப் பெறுமதி பூச்சியத்திலிருந்து ஏறத் தொடங்கினால் புதுத் தட்டு வாங்கும் நேரம். 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் தட்டை இணைக்கும் சாட்டா கேபிள்தான் பிழை.

கேள்வி: கரண்ட் திடீரென்று நின்றால் சேர்வர் பழுதாகுமா? – வாசகி, பருத்தித்துறை

பதில்: எழுதிக்கொண்டிருக்கும்போது நின்றால் கோப்புகள் கெடலாம். யூ.எஸ்.பி. இணைப்புள்ள 650 வி.ஏ. யூ.பி.எஸ். ஒன்று பூட்டி, சேர்வரில் யூ.பி.எஸ்.ஸைக் கண்காணிக்கும் நட் என்ற மென்பொருளைப் போடுங்கள். கரண்ட் நின்று 3 நிமிடத்தில் சேர்வர் தானாக ஒழுங்காக மூடும்படி வையுங்கள். யூ.எஸ்.பி. வயரைச் செருகாமல் விட்டால், பற்றரி இறங்கும்வரை ஓடிவிட்டுப் பொத்தென்று நிற்கும், யூ.பி.எஸ். வாங்கியதில் பயனில்லை. எங்கள் வெக்கையில் அந்தப் பற்றரிக்கு இரண்டு, மூன்று வருடமே ஆயுள். கடற்கரை ஊர் என்பதால் பிளக்குகளின் பித்தளையில் பச்சை பிடிக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: ரொறன்ரோவிலுள்ள அண்ணா வீட்டுச் சேர்வரைப் பார்க்க விரும்புகிறார். போர்ட் போர்வேடிங், அதாவது ரவுட்டரின் ஒரு வாசலுக்கு (போர்ட்) வெளியிலிருந்து வரும் அழைப்பைச் சேர்வருக்கு அனுப்பும் அமைப்பு, செய்தும் வேலை செய்யவில்லை. – மாணவர், நல்லூர்

பதில்: ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் 'வான்' முகவரியைப் பாருங்கள். 10 என்று தொடங்கினாலோ, 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தாலோ, பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பங்கிடுகின்றன என்று பொருள். அங்கே போர்வேடிங் பலிக்காது. அதற்காக வருந்த வேண்டாம். கோப்புப் பகிர்வின் 445ஆம் போர்ட்டை இன்ரநெற்றுக்குத் திறக்கவே கூடாது. 2017 மே மாதம் வனாக்ரை என்ற ரான்சம்வெயார் உலகமெங்கும் பரவியது அந்தப் பகிர்வு வழியாகத்தான்.

சேர்வரிலும் அண்ணாவின் கணினியிலும் ரெயில்ஸ்கேல் என்ற தனிவழி இணைப்பு மென்பொருளைப் போடுங்கள். இரண்டும் உள்ளிருந்து வெளியே போய்ச் சந்திப்பதால் பொதுமுகவரி தேவையில்லை. அண்ணாவுக்கு வாசிக்க மட்டும் அனுமதியுள்ள கணக்குக் கொடுங்கள். அவர் இறக்கும் வேகம் உங்கள் வீட்டின் ஏற்றும் வேகத்தைப் பொறுத்தது: அது 10 மெகாபிற் என்றால் 1 கிகாபைற் வீடியோவுக்குக் கிட்டத்தட்ட 14 நிமிடம் பிடிக்கும்.