பிஎச்டி இன்டர்வியூவுக்கு கேள்வியெல்லாம் எழுதி எடுத்துட்டுப் போலாமா? நோட்டைப் பாத்துப் பேசுனா தப்பா நினைப்பாங்களா?

தாராளமா எடுத்துட்டுப் போங்க. "பேப்பரைப் பாத்துக் கேட்டா ஒண்ணும் தயார் பண்ணாம வந்திருக்கான்னு நினைப்பாங்க"ன்னு உங்க சீனியர் சொன்னதா எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வரியைப் படிச்சதுக்கப்பறம் என்னால சும்மா இருக்க முடியல. இதே மாதிரி ஒருத்தங்க பேச்சைக் கேட்டு வெறும் பைலோட போயி ரெண்டு வருஷத்தைத் தொலைச்சவ நான்.

எனக்கு கொழிஞ்சாம்பாறை பக்கம். பாலக்காடு ஜில்லாதான், ஆனா வீட்டுல, தோப்புல, பால் சொசைட்டில எல்லாம் தமிழ்தாங்க. டிகிரி கேரளாவுல படிச்சேன், எம்எஸ்சி விலங்கியல் கோயம்புத்தூர்ல. 2016ல தென்னைல சுருள் வெள்ளை ஈ இந்தியாவுலயே மொதல்ல தெரிய வந்தது எங்க பொள்ளாச்சி - பாலக்காடு பக்கந்தான். ஓலைக்கு அடில வெள்ளையா சுருள் சுருளா முட்டை வெச்சிருக்கும், அது விடற பிசுபிசுப்பு கீழ் ஓலைமேல சொட்டி அதுல கரும்பூசணம் புடிச்சு மரமே கரி பூசுன மாதிரி ஆயிரும். எங்க தோப்பும் அப்படித்தான் நின்னுச்சு. அப்பா மருந்தடிக்கணும்னு நின்னாரு, மருந்தடிச்சா அந்த ஈயைத் தின்னு அழிக்கற குட்டிக் குளவியும் சேந்து செத்துரும்னு நான் சண்டை போட்டேன். அந்தக் குளவி, என்கார்சியான்னு பேரு, அதைத்தான் எம்எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு எடுத்தேன். பிஎச்டியும் அதுலயே பண்ணணும்னு ஆசை.

2019ல மொத இன்டர்வியூ, ஒரு யுனிவர்சிட்டில. ஹாஸ்டல்ல ஒரு சேச்சி சொன்னாங்க, "அவங்ககிட்ட திருப்பி எதுவும் கேக்காதே, சீட் கெடைச்சாப் போதும்னு இரு"ன்னு. பாடத்துல கேட்டதுக்கெல்லாம் நல்லாவே பதில் சொன்னேன். கடைசில "உங்களுக்கு எதாவது கேக்கணுமா?"ன்னாங்க. "இல்ல சார்"னு சொல்லிட்டு கும்பிடு போட்டுட்டு வெளிய வந்துட்டேன். ஊருக்குத் திரும்பற பஸ்ல உக்காந்தா ஒண்ணொண்ணா ஞாபகம் வருது, இதைக் கேட்டிருக்கலாம், அதைக் கேட்டிருக்கலாம்னு. செலக்ட் ஆயிட்டேன், அந்த சந்தோஷத்துல அதெல்லாம் மறந்தே போச்சு.

சேந்து நாலு மாசம் கழிச்சு ஆபீஸ்ல பில்லுல கையெழுத்துப் போடப் போனப்ப அங்க இருந்த அம்மா கேக்கறாங்க, "மோளே, சாருக்கு அடுத்த கொல்லம் ரிட்டயர்மென்ட் அல்லே, பின்னே ஆரா கைடு?" கொல்லம்னா வருஷம், சார்னு சொன்னது என் பிஎச்டிக்கு வழிகாட்டற கைடை. டிபார்ட்மென்ட்ல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம், எனக்கு மட்டும் தெரியல. சார் நல்ல மனுஷன், அவரை நான் குத்தம் சொல்லல, நான் கேட்டிருந்தா நேராவே சொல்லியிருப்பாரு. அவரு போனதும் வேற ஒரு கைடு கீழ போட்டாங்க, அவங்க லேப்ல மீன் செவுள்தான் பாக்கறாங்க. வெள்ளை ஈ பின்னாடி தோப்பு தோப்பா அலைஞ்ச நான் மீனை அறுத்துட்டு உக்காந்திருந்தேன். ஃபெல்லோஷிப், அதான் மாசாமாசம் வர வேண்டிய உதவித்தொகை, ஏழு மாசம் வரல, அப்பா பால் காசுலதான் மெஸ் பில் கட்டுனாரு. 2021ல விட்டுட்டு வந்துட்டேன்.

வந்து ஒரு வருஷம் வீட்டுல. அப்பா ஒரு வார்த்தை கேக்கல. அடுத்த இன்டர்வியூ லெட்டர் வந்தப்ப, "கண்ணு, இந்த தடவை எல்லாத்தையும் கேட்டுட்டு வா"ன்னு மட்டும் சொல்லி, பால் கணக்கு எழுத வாங்கி வெச்சிருந்த புது நோட்டு ஒண்ணைக் குடுத்தாரு. சட்டைப்பைல அடங்கற நீளமான நோட்டு, செவப்பு அட்டை. முன்பக்கம் என் ப்ராஜெக்ட் கணக்கு: 12 தோப்பு, தோப்புக்கு 5 மரம், மரத்துக்கு 4 ஓலை, எந்த மாசம் எத்தனை கூட்டுப்புழுல குளவி ஓட்டை போட்டு வெளிய வந்திருந்துச்சுன்னு ஒரு பக்க டேபிள். பின்பக்கத்துல இருந்து கேள்விங்க. எல்லாமே தமிழ்லதான் எழுதுனேன், பயத்துல இங்கிலீஷ் படிச்சு அர்த்தம் பண்ணிட்டு இருக்க முடியாதுன்னு.

2022, திருச்சூர் பக்கம் ஒரு ஆராய்ச்சி நிலையம், ஒரு ப்ராஜெக்ட்டுக்கு ஜேஆர்எஃப், அதாவது ஃபெல்லோஷிப் வாங்கிட்டு ஆராய்ச்சி பண்ற ஆள், எடுத்தாங்க, அதுலயே பிஎச்டியும் பதிஞ்சுக்கலாம். அஞ்சு பேர் உக்காந்திருந்தாங்க. மொத்தம் எத்தனை ஓலை பாத்தீங்கன்னு ஒரு மேடம் கேட்டாங்க. 12ஐயும் 5ஐயும் 4ஐயும் பெருக்கணும், அவ்வளவுதான். தலை அப்படியே நின்னு போச்சுங்க. "மேடம், என் டேட்டா நோட்டு இருக்கு, பாத்து சொல்லட்டுமா?"ன்னு கேட்டேன். "பாருங்க"ன்னாங்க. தொறந்தேன், 240ன்னு சொன்னேன். அந்த டேபிளைப் பாத்ததும் அதுக்கப்பறம் நான் நோட்டைப் பாக்கவே இல்ல, கால் மணி நேரம் தோப்பைப் பத்தி நானே பேசுனேன்.

கடைசில அதே கேள்வி, "எதாவது கேக்கணுமா?" பின்பக்கத்தைத் திருப்புனேன். ஓரத்துல இருந்த சார் பாலக்காட்டுக்காரர் போல, கை நீட்டி நோட்டை வாங்கிட்டாரு. தமிழ் படிக்கத் தெரியும் அவருக்கு. மெதுவா எழுத்துக் கூட்டி சத்தமா வாசிக்கறாரு: "கைடு எப்ப ரிட்டயர்டு? கட்டாயம் கேக்கணும்." கீழ ரெண்டு கோடு வேற போட்டிருந்தேன். எனக்கு கை காலெல்லாம் சில்லுனு ஆயிருச்சு. கைடா வரப்போற மேடம் சிரிக்கல, கோவப்படல. இன்னும் பத்து வருஷத்துக்கு மேல சர்வீஸ் இருக்குன்னு சொல்லிட்டு, ஆனா இந்த ப்ராஜெக்ட் 3 வருஷம்தான், அதுக்கு மேல ஃபெல்லோஷிப்புக்கு வேற வழி பாக்கணும், இப்பவே நெட் ஜேஆர்எஃப் பரீட்சை எழுதுங்கன்னு அவங்களாவே சொன்னாங்க. அன்னைக்கு அதைக் கேக்காம வந்திருந்தா மறுபடியும் நடுவுல நின்னிருப்பேன். ஜேஆர்எஃப் அடுத்த வருஷம் எடுத்தேன். 2023 ஜனவரில இருந்து ஜேஆர்எஃப் ஃபெல்லோஷிப் மாசம் 31,000 இருந்தது 37,000 ஆச்சு, அது பெரிய ஒத்தாசை. இப்ப தீசிஸ் எழுதிட்டு இருக்கேன், அதே குளவிதான்.

உடனே யாராவது வந்து "பெரிய இன்ஸ்டிடியூட்ல எல்லாம் இது நடக்காது, போர்டுல நிறுத்தி டெரிவேஷன் போடச் சொல்லுவாங்க"ன்னு சொல்லுவீங்க. பாடக் கேள்விக்கு நோட்டைப் பாத்து பதில் சொல்லுங்கன்னு நான் சொல்லவே இல்லங்க. கிரெப்ஸ் சைக்கிள் மாதிரி பாடத்தை எழுதி எடுத்துட்டுப் போனா தப்புதான். நான் சொல்றது உங்க சொந்த டேட்டா, அப்பறம் நீங்க அவங்ககிட்ட கேக்க வேண்டியது, இந்த ரெண்டும். அதுவும் நோட்டு மூடியே இருக்கட்டும், தொறக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டுக்கங்க. போன்ல எழுதி வெச்சுக்காதீங்க, நீங்க என்ன பாக்கறீங்கன்னு அவங்களுக்குத் தெரியாது. ஆன்லைன் இன்டர்வியூன்னா ஸ்கிரீன் ஓரத்துல பேப்பர் ஒட்டாதீங்க, கண்ணு அங்கயே போகும், படிக்கறீங்கன்னு நல்லாத் தெரியும். கூடப் படிச்சவ ஒருத்தி அமெரிக்காவுக்கு அப்ளை பண்ணுனா, அங்க ஒவ்வொரு புரொபசரும் தனித்தனியா அரை மணி நேரம் பேசி, நீ என்ன கேக்கறேன்னுதான் காத்துட்டு இருப்பாங்களாம்.

கேள்வியோட சம்பந்தமில்லதான், ஆனா எங்களை மாதிரி பார்டர்காரங்க படற இன்னொரு பாட்டையும் சொல்லிடறேன். பார்டர்ல இருக்கற வேலந்தாவளம் தாண்டி கோயம்புத்தூர்ல படிச்ச எம்எஸ்சிக்கு, கேரளாவுல அந்த மொத யுனிவர்சிட்டில எலிஜிபிலிட்டி சர்டிபிகேட், அதான் வெளி டிகிரியை ஏத்துக்கறோம்ங்கற சர்டிபிகேட், கேட்டு மாசக்கணக்குல நடக்க விட்டாங்க. யுனிவர்சிட்டிக்கெல்லாம் விதி போடற யூஜிசி ஒண்ணுதான, நாடு ஒண்ணுதான? எங்க வீட்டுல இருந்து பஸ் ஏறுனா போயிட்டு சாயங்காலம் திரும்பற தூரம். அங்க போனா கேரளாக்காரி, இங்க வந்தா தமிழ்நாட்டு டிகிரி. ஜாதி சர்டிபிகேட்டும் அங்க ஒரு லிஸ்ட், இங்க ஒரு லிஸ்ட். வேற ஸ்டேட்ல படிச்சவங்க அந்த எலிஜிபிலிட்டி சர்டிபிகேட்டுக்கு இன்டர்வியூ ரிசல்ட் வர்றதுக்கு முன்னாடியே போட்டு வெச்சிடுங்க.

உங்களுக்கு அடுத்த வாரம் இன்டர்வியூன்னா இன்னைக்கு ராத்திரியே எழுதிடுங்க. உங்க வீட்டுலயும் இதையெல்லாம் சொல்லித்தர ஆள் இருக்காதுன்னு நினைக்கறேன், எங்க வீட்டுல இல்ல. பணம் மாசாமாசம் வருதா, எத்தனை மாசத்துக்கு வரும், லேப்ல இப்ப எத்தனை ஸ்காலர், போன பேட்ச் எத்தனை வருஷத்துல முடிச்சாங்க, கைடு எப்ப ரிட்டயர்டு, இதெல்லாம் எழுதிக்கங்க. 2022 நவம்பர்ல வந்த யூஜிசி விதிப்படி ஒரு கைடு புரொபசரா இருந்தா 8 ஸ்காலர், அசோசியேட் புரொபசர்னா 6, அசிஸ்டென்ட் புரொபசர்னா 4 பேர்தான் வெச்சுக்கலாம், ரிட்டயர்மென்ட்டுக்கு 3 வருஷத்துக்குக் கம்மியா இருந்தா புது ஸ்காலரே எடுக்கக்கூடாது. எனக்கு இந்த விதி மூணு வருஷம் லேட்டா வந்துச்சு. விதி இருக்குன்னு விட்டுடாம, எப்ப ரிட்டயர்டுன்னு கேளுங்க. நேரா கேக்க கூச்சமா இருந்தா, "மேடம், நான் தீசிஸ் குடுக்கற வரைக்கும் நீங்களே கைடா இருப்பீங்களா?"ன்னு கேளுங்க.