இரண்டு நிமிடத்தில் நாற்பது கேள்வி
வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: அண்ணே, ஒரு தொண்டு அமைப்புக்காகப் பாம்பன், மண்டபம், கீழக்கரைப் பக்கம் நானூறு மீனவக் குடும்பங்களை வாட்ஸ்அப்பில் சேர்த்து, மாசம் ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்புகிறோம். பதில் சொன்னால் 20 ரூபாய் ரீசார்ஜ். முதல் மூணு மாசம் நல்லாப் போச்சு. இப்போ லிங்க் போட்ட ரெண்டாவது நிமிஷமே நாற்பது கேள்விக்கும் பதில் வந்து விழுது, எல்லாத்துக்கும் 'பரவாயில்லை'. நாலு நம்பரிலிருந்து அச்சு அசலா ஒரே பதிலும் வருது. இவங்களை எல்லாம் தூக்கிடலாமா?
- வாசகி, தங்கச்சிமடம்

பதில்: தூக்கலாம், ஆனால் இன்றைக்கு வேண்டாம் தங்கச்சி (ஊர்ப் பெயரை வைத்துச் சொல்லவில்லை, வயதை வைத்துத்தான்). முதலில் அந்த நாற்பது கேள்வியையும் நீங்களே வெயிலில் நின்று, சின்ன போனில், ஒரு கையால் நிரப்பிப் பாருங்கள். பதினைந்தாவது கேள்வியில் உங்கள் விரலும் 'பரவாயில்லை'க்குத்தான் போகும்.

நானும் இந்தக் கரையில் சில வருஷம் ஃபார்மும் கையுமாக அலைந்தவன். பாசி எடுக்கிற ஒரு அம்மாவின் பதிலில், போன மாசம் எத்தனை நாள் பாசிக்குப் போனீர்கள் என்பதற்கு 30 என்று இருந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மாசத்துக்கு ஏறக்குறைய 12 நாள்தான் இறங்குவார்கள், முப்பது எங்கிருந்து வந்தது என்று வீட்டுக்கே போய்க் கேட்டால், அம்மா கடலில் இருந்த நேரத்தில் ஒன்பதாவது படிக்கிற பேரன் வாசல்படியில் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறான், ரீசார்ஜும் அவன் நம்பருக்கே போயிருக்கிறது. அவனைத் திட்டி என்ன பிரயோஜனம்? போன் அவன் கையில் இருக்கிற நேரமாகப் பார்த்து அனுப்பியது நாங்கள்தானே.

நேரத்தைக் கவனியுங்கள். பாக் நீரிணைப் பக்கம் திங்கள், புதன், சனியில் விசைப்படகு கிளம்பினால் மறுநாள்தான் கரை. மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. ஞாயிறு காலை உங்கள் ஊரில் சர்ச், வெள்ளி மதியம் கீழக்கரையில் ஜும்ஆ. எல்லோருக்கும் ஒரே நாளில் லிங்க் தட்டிவிட்டால் கரையில் சும்மா இருக்கிறவர்தான் பதில் சொல்வார்.

கள்ளப் பதிலைப் பிடிக்க 'இந்த இடத்தில் மூன்றாவது பட்டனை அமுக்கவும்' மாதிரிக் கேள்வி வைப்பார்கள். எனக்கு அது பிடிக்காது, பெரியவர்களை வகுப்பில் எழுப்பி நிற்க வைக்கிற மாதிரி இருக்கும். நம் கரையே நல்ல சோதனை வைத்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், ஆகவே மே மாசம் விசைப்படகில் எத்தனை நாள் தொழிலுக்குப் போனீர்கள் என்று கேட்டால் பூஜ்யம்தான் வரணும். 20 என்று வந்தால் சந்தேகப்படுங்கள், சந்தேகம் மட்டும்தான். அவர் நாட்டுப்படகில் போனதைச் சொல்லியிருக்கலாம்.

வேகத்துக்கு வருவோம். கூகுள் ஃபார்ம் அனுப்பி முடித்த நேரத்தை மட்டும்தான் பதியும், திறந்த நேரம் அதில் இருக்காது. அதனால் உங்கள் 'ரெண்டு நிமிஷம்' லிங்க் போட்டதிலிருந்து எண்ணிய கணக்கு, அதுவும் முதலில் ஓடி வந்தவர்களுக்கு மட்டும். சாயங்காலம் திறந்து ஒரே நிமிஷத்தில் தட்டிவிட்டவர் உங்கள் கண்ணில் படவே மாட்டார். கோபோ டூல்பாக்ஸ் போன்ற சர்வே கருவிகளில் தொடங்கிய நேரம், முடித்த நேரம் இரண்டும் பதிவாகும், அதற்கு மாறுங்கள். எல்லோரும் எடுத்த நேரத்தை வரிசையாக அடுக்கி, நடுவில் நிற்பவர் 12 நிமிடம் என்றால் 4 நிமிடத்துக்குள் முடித்தவரைத் தனியாகக் குறித்து வையுங்கள். வேகம், ஒரே கட்டத்தில் வரிசையாக டிக், முன்னுக்குப் பின் முரண், இதில் குறைந்தது இரண்டு சேர்ந்து, அதுவும் இரண்டு மாசம் தொடர்ந்து வந்தால், ஒரு போன் போட்டுப் பேசிவிட்டு அப்புறம் நீக்குங்கள்.

அந்த நாலு நம்பர் விஷயம்: குரூப்பில் போடும் பொது லிங்க் ஊரெல்லாம் ஃபார்வர்ட் ஆகும். வீட்டுக்கு ஒரு தனி லிங்க் கொடுங்கள். ஒரே போனில் இரண்டு பதில் வந்தாலே மோசடி என்றும் நினைக்க வேண்டாம், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு போன் இருக்கிற வீடு நிறைய. 'இப்போது பதில் சொல்வது யார்' என்பதை முதல் கேள்வியாக வையுங்கள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. கடன் இருக்கிறதா என்ற கேள்விக்கு 'ஆமாம்' என்றால் கூடுதலாக ஆறு கேள்வி திறக்கிறது என்று இரண்டாவது மாசமே கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்றாவது மாசம் ஊரில் யாருக்கும் கடனே இருக்காது!

கேள்வி: ஆன்லைன் சர்வேயில் ஆள் சேரச் சேர முடிவு துல்லியமாகும்தானே?
- கல்லூரி மாணவர், தொண்டி

பதில்: 1936-இல் அமெரிக்காவில் 'லிட்டரரி டைஜஸ்ட்' பத்திரிகை சுமார் ஒரு கோடி பேருக்குச் சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கி, தேர்தலில் ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ற லாண்டன்தான் அடுத்த ஜனாதிபதி என்றது. 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் அள்ளிக்கொண்டு போனார். டெலிபோன், கார் வைத்திருந்த வசதியானவர்களின் பட்டியலை வைத்து அனுப்பியது ஒரு கோளாறு, மெனக்கெட்டுத் திருப்பி அனுப்பியவர்கள் மட்டுமே கணக்கில் வந்தது இன்னொன்று. நம் கரையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் மீன்பாட்டைக் கணக்கிடுவதைப் பாருங்கள், எல்லாப் படகையும் எண்ணுவதில்லை. எந்த மீன் இறங்குதுறை, எந்த நாள், எந்தப் படகு என்று முறையாகத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் உட்கார்ந்து எண்ணுகிறார்கள்.

கேள்வி: சர்வே ஆப்பில் பத்து நிமிஷம் பதில் சொன்ன பிறகு 'நீங்கள் பொருத்தமானவர் இல்லை' என்று காசு தராமல் அனுப்பிவிடுகிறார்கள். வயசை மாற்றிப் போடலாமா?
- வாசகர், கீழக்கரை

பதில்: போடாதீர்கள். அடுத்த சர்வேயில் வேறு வயசு சொல்லி மாட்டுவீர்கள், சேர்த்து வைத்த பாயிண்டும் போகும். பொருத்தமில்லை என்பதை முதல் இரண்டு கேள்வியிலேயே சொல்லிவிட வேண்டும், பத்து நிமிஷம் கழித்துச் சொல்வது அவர்கள் தப்பு, அந்த ஆப்பை விட்டு வெளியே வாருங்கள். சேருவதற்கே பணம் கட்டச் சொல்கிற ஆப் என்றால் அது சர்வேயே இல்லை.